மஞ்சள் தொப்பிச் சாட்சி

அவினோ அந்தப் புதன்கிழமை சந்தைக்குப் போயிருக்கவே கூடாது. போனாள். பாய்க்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு கிசுமு நகரத்துக்குப் போய், பேரம் பேசித் தொண்டை கட்டி, சாயங்காலம் தன் ஊர் லுவால் கரையில் வந்து இறங்கினால் அவளுடைய கோரைக்காட்டைக் காணோம்.

காடு எங்கேயாவது காணாமல் போகுமா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் ஏரியில் பெருங்கோரை தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சாதி இல்லை. வேரும் கிழங்கும் ஒன்றோடொன்று பின்னி, மெத்தைபோலத் தண்ணீர்மேல் கிடக்கும். அதன்மேல் இரண்டாள் உயரத்துக்குத் தண்டு எழும்பி, உச்சியில் பரட்டைத்தலையை விரித்துப்போட்டு ஆடும். அந்த வருஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டி ஏரி வீங்கிப் போயிருந்தது. புதன்கிழமை மத்தியானம் ஒரு சூறைக்காற்று அடித்தது. அவ்வளவுதான். முற்றிய கோரை நின்ற பாகம், நாலு வீட்டு முற்றம் அகலம் இருக்கும், அப்படியே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கரையோரம் நீர்யானை மேய்ந்து மொட்டையடித்த ஒரு துண்டுதான் அவளுக்கு மிச்சம்.

வெட்டின கோரை மறுபடி வெட்டுப்பதத்துக்கு வர ஆறேழு மாதம் ஆகும். அதுவரை கோரை வெட்டிப் பாய் முடைகிறவள் எதை வெட்டுவாள், தன் தலைமயிரையா? பிறந்த ஊரான அலேகோவுக்குப் போய் அண்ணன் வீட்டு அடுப்படியில் உட்கார வேண்டியதுதான். புருஷன் ஒகும்போ செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அப்போதே அண்ணன் வந்து கூப்பிட்டான். "என் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, நீ போய்ச் சேரு" என்று அனுப்பிவைத்தவள் அவள். இப்போது அதே அண்ணன் வாசலில் போய் நிற்பதற்கு ஏரியிலேயே விழுந்துவிடலாம் என்று இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை காலை கொழுந்தன் ஓவிட்டி படகிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். மீன்பிடிக்கிறவன். வாய் அவனுடைய படகு எஞ்சினைவிடப் பெரிது.

"மதினி! உன் காட்டைக் கண்டுபிடிச்சிட்டேன்! சியாலா கரையில போயி ஜம்முனு ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த ஒடேரோ இருக்கானே, மாட்டைக் கட்டுற மாதிரி அதுக்குக் கயிறு போட்டு முளையடிச்சிட்டான்!"

ஒடேரோ சியாலாவின் பாய் வியாபாரி. எப்போது பார்த்தாலும் தலையில் ஒரு தோல் தொப்பி. சர்ச்சுக்குள்ளேகூட அதைக் கழற்றமாட்டான் என்று பேச்சு. அவினோ போய் இறங்கியபோது அவன் சாவகாசமாக உட்கார்ந்து வறுத்த ஒமேனா மீனோடு களி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வா, அலேகோக்காரி. சாப்பிடுறியா?"

"என் கோரையை அவுத்துவிடு."

"உன் கோரையா?" அவன் களியை உருட்டினான். "ஏரி கொண்டாந்து என் வாசல்ல போட்டுது. ஏரி போட்டது கரைக்குச் சொந்தம். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், செத்துப்போன எங்கப்பனுக்கும் தெரியும். உன்னோடதுன்னா அடையாளம் சொல்லு. பேரு எழுதி வச்சிருக்கியா?"

அவினோ வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, கட்டிவைத்த கோரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. கொய்யோ, கொய்யோ.

"இருக்கு," என்றாள். "என் பறவை உள்ள இருக்கு."

செவ்வயிற்றானை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. வேலிப்புதரில் உட்கார்ந்துகொண்டு காலையில் தூங்கவிடாமல் கத்துவானே, அவன்தான். முதுகும் தலையும் கரி, வயிறு ரத்தச் சிவப்பு. ஆனால் கோரைக்குள் இருக்கிறவன் அவன் இல்லை, வேறு ஆள். குரல் ஏறத்தாழ ஒன்று என்பதால் இருவரையும் ஒருவன் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தவன் இருந்தால்தானே வித்தியாசம் தெரியும்? அவன் கோரையின் அடித்தண்டுகளுக்கிடையே இருட்டில் ஊர்ந்து புழு பூச்சி பொறுக்குகிறவன், தலையை வெளியே காட்டமாட்டான். இருபது வருஷம் கோரைக்குள் கிடந்த அவினோவே இரண்டு தடவைதான் பார்த்திருந்தாள். அதுவும் ஒரு கண்சிமிட்டல் நேரம். இவன் தலையில் பழுத்த மாம்பழ நிறத்தில் ஒரு தொப்பி. இறக்கையில் சுண்ணாம்பால் இழுத்தமாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

இன்னொன்றும் உண்டு. இவன் தன் இடத்தை விட்டு அசையமாட்டான். மழையோ வெயிலோ, வருஷம் முழுவதும் அதே கோரை. திறந்த தண்ணீரைத் தாண்டிப் பறக்கவும் மாட்டான். அதனால் லுவாலில் கோரைக்குக் கம்பு நட்டு எல்லை வைப்பதில்லை. கம்பை நீர்யானை மிதித்துவிடும், பறவையை மிதிக்காது. "வடக்குக் குரல்லேருந்து அத்திமரத்துக் குரல் வரைக்கும் உன்னோடது" என்றுதான் கல்யாணமாகி வந்த வருஷம் மாமியார் அவளுக்குப் பிரித்துக் கொடுத்தாள்.

அவள் பங்கில் இருந்தவன் சொல்வது இது: கொய்யோ, கொய்யோ, டக்டக். முதலில் இரண்டு விசில். மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லாமல், கத்திப்பிடியால் படகு விளிம்பில் தட்டினமாதிரி இரண்டு தட்டு. கேள்வி கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொள்கிறான் என்று அவினோவுக்குத் தோன்றும். ஒகும்போ செத்த வருஷம் அது பெரிய ஆறுதலாக இருந்தது. உனக்கும் யாரும் இல்லை, எனக்கும் யாரும் இல்லை, நீயே பேசி நீயே பதில் சொல்லிக்கொள்கிறாய், நானும் அப்படியே இருந்துவிடுகிறேன் என்று அவனிடம் சொல்வாள். சொன்னபடியே ஆகியும் போனாள். ஏரியில் பெரிய மீன் துள்ளினால், "ஒகும்போ, பார்த்தியா?" என்பாள். பிறகு குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "பார்த்தேன், பார்த்தேன்" என்பாள். ஓவிட்டி இதைக் கேட்டுவிட்டு ஊரெல்லாம் நடித்துக் காட்டினான். அவள் கவலைப்படவில்லை.

வழக்கு திங்கட்கிழமை கரைக் கமிட்டிக்குப் போனது. மீன் எடைபோடுகிற தகரக் கொட்டகையில், தராசுக்குப் பக்கத்தில் தலைவி அடோயோ உட்கார்ந்திருந்தாள். மூன்று படகுக்குச் சொந்தக்காரி. அவளுடைய அப்பா அந்தப் பக்கத்திலேயே பெரிய மாட்டுக்காரர். அடோயோ கோபப்பட்டால் தராசு முள்கூட ஆடாமல் நிற்கும் என்பார்கள்.

"சொல்லு, அவினோ. என்ன அடையாளம்?"

"மூணு அடையாளம், அக்கா. ஒண்ணு, அந்தப் பறவைக்கு மஞ்சத் தொப்பி. ரெண்டு, அது தண்ணியைத் தாண்டாது. அதனால கோரையோட மிதந்து போயிருக்குமே தவிர, புதுசா வந்து ஏறியிருக்காது. மூணு, அது கொய்யோ கொய்யோன்னு ரெண்டு தரம் கூவிட்டு, டக்டக்னு முடிக்கும்."

"செவ்வயித்தானுக்கு மஞ்சத் தொப்பியா?" ஒடேரோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "என் வேலியில ஒம்பது இருக்கு, ஒண்ணுக்கும் தொப்பி கிடையாது. நான்தான் தொப்பி போட்டவன். என்னைப் பார்த்துட்டுச் சொல்றியா?"

கொட்டகையே சிரித்தது. அடோயோவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கு அறுபத்திரண்டு வயசாகுது. நானும் பார்த்ததில்ல. தொப்பியை விடு. சத்தத்தைக் கேப்போம், வாங்க."

எல்லோரும் படகில் போய், ஒடேரோ கட்டிவைத்திருந்த கோரை ஓரமாக நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கேட்டது. கொய்யோ, கொய்யோ.

அவினோ விரலைத் தூக்கினாள். இதோ வரும், இப்போது வரும். வரவில்லை. மறுபடி, கொய்யோ, கொய்யோ. அதற்கப்புறம் தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும். எட்டுத் தடவை கூவியது. ஒரு தடவைகூட அந்தத் தட்டு வரவில்லை.

"மிச்சத்தைச் சந்தையில வித்துட்டு வந்துடுச்சு போலிருக்கு!" என்றான் ஒடேரோ.

"நீ சொன்ன அடையாளம் சேரலையே, அவினோ," என்றாள் அடோயோ. குரலில் வருத்தம் இருந்தது, அதனால் அவினோவுக்கு இன்னும் வலித்தது.

படகு திரும்பும்போது ஒடேரோ அவள் பக்கம் சாய்ந்து, நல்லவன்போல மெதுவாகச் சொன்னான்: "மனசுல வச்சுக்காதே. வேணும்னா எங்கிட்டக் கூலிக்கு வந்து அந்தக் கோரையை வெட்டு. உனக்குப் பழகின கோரைன்னு நீதானே சொல்றே."

அவள் தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசினால் அழுதுவிடுவாள், இவன் முன்னால் அழுவதற்கு அவள் வேறு யாராவதாகப் பிறந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியும்போது, பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு மிச்சமிருந்த துண்டுக் கோரைக்குப் போனாள். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஈரக் கிழங்கின்மேல் உட்கார்ந்தாள். அலேகோவுக்கு எந்த வண்டியில் போவது, அண்ணியிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

டக்டக்.

தவளை என்று நினைத்தாள். சூறைக்காற்று அடித்த நாளிலிருந்தே அந்தச் சத்தம் இங்கே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. காடு போன துக்கத்தில் யார் தவளையைக் கவனிக்கிறார்கள்? கொஞ்சம் பொறுத்து மறுபடி, டக்டக். தனியாக, எதற்கோ காத்திருந்து, அது வராமல் போனதால் சும்மா தட்டிவைத்தமாதிரி இருந்தது.

அவினோ கத்தியைக் கீழே வைத்தாள். தான் என்ன நினைக்கிறோம் என்று தனக்கே முழுதாகப் புரியாமல் உதட்டைக் குவித்து மெதுவாக விசிலடித்தாள். கொய்யோ, கொய்யோ.

விசில் முடியக்கூட இல்லை, பதில் வந்து விழுந்தது. டக்டக்!

மறுபடி அடித்தாள். மறுபடி பதில். இந்தத் தடவை கிட்டத்தில், முழங்கை நீளத்தில். இரண்டு தண்டுகளுக்கு நடுவே, தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு வெளுத்த கண் அவளைப் பார்த்தது. மாம்பழ மஞ்சள் தொப்பி. கரிய முதுகு, இறக்கையில் வெள்ளைக் கோடு. தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் அப்போதுதான் அறுத்த காயம்போல அப்படி ஒரு சிவப்பு. இதற்கு முன்னால் அவள் கண்சிமிட்டல் நேரம் பார்த்தது இதையா, அங்கே சியாலாவில் இருப்பதையா? இரண்டுக்கும் ஒரே சட்டை! ஆணையும் பெண்ணையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவளாலும் முடியவில்லை.

இரண்டு பேர். இருபது வருஷமாக ஒரு பாட்டு என்று அவள் கேட்டது இரண்டு பேர் பாடியது. ஒருவன் இரண்டு விசில், ஒருத்தி இரண்டு தட்டு. நடுவே ஒரு கத்திமுனை நுழையக்கூட இடம் விடாமல், ஒரே தொண்டையிலிருந்து வருகிறமாதிரி எப்படித்தான் சேர்த்தார்கள்? அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உலகத்தில் இப்படிக்கூட ஒன்று இருக்குமா? தன் காலடியில், தன் கோரையில்!

பிறகு கோபம் வந்தது. "அடப்பாவி," என்றாள், சியாலா இருக்கிற திசையைப் பார்த்து. "ஒத்தை ஆளுன்னு நெனச்சு பதினோரு வருஷமா உங்கிட்ட எல்லாத்தையும் கொட்டினேனே. பொண்டாட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டா கேட்டே? அவளும் சேர்ந்து கேட்டாளா?" அதற்குமேல் பேச முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, சேறும் சகதியுமாக, அடோயோ வீட்டுக்கு ஓடினாள்.

அடோயோ டீ குடித்துக்கொண்டே முழுதும் கேட்டாள். ஒடேரோவுக்கு ஆள் போனது. அவனும் வந்து கேட்டான், கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினான்.

"நேத்து ஒரு பறவை, இன்னைக்கு ரெண்டு. நாளைக்கு மூணாவதா மாமியார் வருவா."

"நான் வேணா போன்ல பதிவு பண்ணிப் போட்டுக் காட்டுறேன்," என்று ஓவிட்டி குதித்தான்.

"போன்ல போட்டா என் வேலியில இருக்கிற ஒம்பதும்தான் பதில் சொல்லும். அதுங்களும் அவளோடதா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் அடோயோ. "மாட்டு வழக்குக்கு எங்கப்பா செஞ்சதைச் செய்வோம். வழிதவறின கன்னுக்குட்டி யாரோடதுன்னு தகராறு வந்தா, அதை ரெண்டு தொழுவத்துக்கும் நடுவுல அவுத்துவிடுவார். எந்தத் தாய்கிட்ட ஓடுதோ, அந்தத் தாயோட சொந்தக்காரனுக்குக் கன்னு. இந்தக் கோரையை இழுத்துக்கிட்டுப் போயி, லுவாலுக்குக் கூப்பிடு தூரத்துல நிறுத்துவோம். உள்ள இருக்கிறது அங்க இருக்கிறதுகிட்டப் போச்சுன்னா கோரை அவினோவுக்கு. போகலைன்னா திருப்பி இழுத்துக் கொண்டாந்து உன் முளையில கட்டுறேன். அதுக்கப்புறம் இவ வாயைத் திறக்கக்கூடாது."

ஒடேரோவின் கண் மின்னியது. "இவதானே சொன்னா, அது தண்ணியைத் தாண்டாதுன்னு? சரி. நான் சம்மதிக்கிறேன்!"

உண்மைதான். அவினோ சொன்ன அடையாளமே அவள் கழுத்துக்குக் கயிறாக வந்து நின்றது. இருபது வருஷத்தில் அந்தப் பறவை ஒரு சாண் திறந்த தண்ணீரைத் தாண்டி அவள் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு," என்றாள் அடோயோ ஒடேரோவிடம். "வழக்கம் உனக்குத் தெரியும். தோத்தவன் தன் வாயால 'பார்த்தேன்'னு சொன்னாத்தான் தீர்ப்பு. நீ பழைய வேலையைக் காட்டாதே."

கரையில் எல்லோருக்கும் அந்தப் பழைய வேலை தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பசு விஷயத்தில் ஊரே பார்த்துக்கொண்டிருக்கத் தோற்ற ஒடேரோ, "என் கண்ணுல தூசி விழுந்துடுச்சு, நான் பார்க்கலை" என்று சாதித்துவிட்டான். கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பசு யாருக்கும் இல்லாமல் நடுவில் நின்று கிழடாகிச் செத்தது.

வியாழக்கிழமை, காற்று கிளம்புவதற்கு முன்னால், ஏரி தட்டுப்போலக் கிடக்கும்போது ஆரம்பித்தார்கள். ஓவிட்டியின் படகு, ஒடேரோவின் ஆட்கள் இருந்த படகு, அடோயோவின் பெரிய படகு. மூன்றிலும் கயிறு கட்டிக் கோரையை இழுத்தார்கள். அது அசைவேனா என்றது. ஆகாயத்தாமரை வந்து மொய்த்துக்கொண்டது. ஒரு குட்டி முதலை அதன் பின்னால் கொஞ்சதூரம் துணைக்கு வந்தது. "மாட்டை ஓட்டச் சொன்னா தொழுவத்தையே ஓட்டுறோம்," என்று ஓவிட்டி கத்தினான். அடோயோ அவினோவையும் ஒடேரோவையும் தன் படகிலேயே, கண்ணுக்கு முன்னால், ஒருவர் பின்னால் ஒருவராக உட்காரவைத்திருந்தாள். ஒடேரோ ஒரு தகர டப்பாவை எடுத்து மடியில் வைத்து, சும்மா விளையாட்டுக்குப்போல டங்டங்கென்று தட்டினான். அடோயோ அதைப் பிடுங்கி ஏரியில் எறிந்தாள்.

வெயில் ஏறும்போது லுவால் தெரிந்தது. மொட்டைத் துண்டுக் கோரை கரையோரம் பாவமாக நின்றது. கூப்பிடு தூரம் வந்ததும் அடோயோ கையைத் தூக்கினாள். எஞ்சின் நின்றது.

கொய்யோ, கொய்யோ.

பதில் இல்லை.

அவினோ கத்தியின் பிடியை இறுக்கிக்கொண்டாள். ஒருவேளை அங்கே இருந்தது போய்விட்டதோ? வல்லூறு ஏதாவது தூக்கிவிட்டதோ? இரண்டு நாள் ஆகிவிட்டதே, நேற்றுக் காலையில் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா?

கொய்யோ, கொய்யோ.

பதில் இல்லை. பின்னாலிருந்து ஒடேரோ தொண்டையைச் செருமினான். அவன் சிரிப்பதற்குத் தயாராகிறான் என்று அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது.

கொய்யோ, கொய்யோ.

டக்டக்.

அந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீரின்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. வந்து சரியாகத் தன் இடத்தில் உட்கார்ந்தது. இந்தப் பாதி இங்கே, அந்தப் பாதி அங்கே, நடுவே அவ்வளவு தண்ணீர். ஆனாலும் பாட்டில் ஒரு விரிசல் இல்லை. கொய்யோ, கொய்யோ, டக்டக். மறுபடி. மறுபடி. படகுக்காரர்கள் கழுத்தை இங்கேயும் அங்கேயும் திருப்பினார்கள். இவர்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு அது. அதை இரண்டாகப் பிரித்து இன்றைக்குத்தான் காதில் வாங்கினார்கள். பின்படகில் ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

அப்போது கோரையின் அடிவாரத்தில் ஏதோ அசைந்தது. ஒரு தண்டு ஆடியது. அதற்குமேல் இன்னொன்று. இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே வளர்ந்தவன், தண்டு தண்டாகத் தொற்றி மேலே வந்தான். பரட்டைத்தலையின் உச்சிக்கே வந்து, பட்டப்பகலில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உட்கார்ந்தான். வெயில் நேராக அவன்மேல் விழுந்தது. பொன் தொப்பி. கரிய முதுகு. வெள்ளைக் கோடு. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் படகில் இருந்த ஒருவருக்கும் மூச்சு வரவில்லை. "ஐயோ, ஆண்டவனே," என்றாள் அடோயோ, குழந்தைமாதிரி. "தொப்பி இருக்கே!"

அவன் கூவினான். அவள் தட்டினாள். அவன் தண்ணீரைப் பார்த்தான். ஒரு தடவை இறக்கையை விரித்து மடக்கிக்கொண்டான். போகமாட்டான், இவன் சாதியே போகாது என்று அவினோவின் வாய் முணுமுணுத்தது. வேண்டாம், விழுந்துவிடுவாய் என்றுகூட அவளுக்குச் சொல்லத் தோன்றியது. கோரையாவது மண்ணாங்கட்டியாவது, அந்த நிமிஷம் அவளுக்கு அதெல்லாம் நினைப்பிலேயே இல்லை.

அவன் பாய்ந்தான். பறக்கத் தெரியாதவன்போல, குட்டை இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, தண்ணீரில் வயிறு படுகிற உயரத்தில் போனான். கீழே ஏரியில் இன்னொரு சிவப்பு அவனோடு கூடவே ஓடியது. பாதி வழியில் தாழ்ந்தான். எல்லோரும் சேர்ந்து 'ஹா' என்றார்கள். மறுபடி எழும்பினான். கரையோரக் கோரையிலிருந்து இன்னொரு மஞ்சள் தொப்பி உச்சிக்கு ஏறிவந்து நின்றது. அவன் அதன் பக்கத்தில் போய் விழுந்தான், தண்டு இரண்டு பேருடைய பாரத்தில் வளைந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையைத் தாழ்த்தின. அப்புறம் பாடின. கொய்யோ, கொய்யோ, டக்டக். ஒரே பறவை பாடுவதுபோலத்தான் இருந்தது.

அவினோவுக்குக் கண்ணெல்லாம் மறைத்தது.

"பார்த்தியா?" என்றாள்.

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது. அடுத்தது ஒகும்போவின் கட்டைக் குரல். அதற்காக வாயைத் திறந்தாள்.

"பார்த்தேன்."

கட்டைக் குரல்தான். ஆனால் அவள் இன்னும் சொல்லவில்லை. திரும்பினாள். ஒடேரோ தன் தோல் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தான். வழுக்கைத்தலை வெயிலில் வேர்த்திருந்தது. கண் அந்தக் கோரை உச்சியைவிட்டு நகரவில்லை. தான் என்ன சொன்னோம், யார் கேட்டதற்குச் சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்குமா என்றே சந்தேகம்.

"பார்த்தேன்," என்றான் மறுபடியும். "அவினோ, நான் பார்த்தேன்."

அடோயோ படகு விளிம்பில் ஓங்கித் தட்டினாள். "முடிஞ்சுது! இழுங்கடா கயிறை. கோரையை அவ இடத்துல கொண்டுபோயி ஒட்டுங்க!"

மூன்று படகும் ஆரவாரத்தோடு கிளம்பின. அவினோ திறந்த வாயை இன்னும் மூடவில்லை. பாதி வார்த்தை அதிலேயே நின்றது, இனி அதைச் சொல்ல வேண்டிய வேலை அவளுக்கு இல்லை. மெல்ல வாயை மூடிக்கொண்டாள். அதன்பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்து, ஒகும்போ செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதாள்.

ஓவிட்டி தன் படகைப் பக்கத்தில் கொண்டுவந்தான். "என்ன மதினி, காடுதான் வந்துடுச்சே, இப்பப் போயி அழறியே!"

"காட்டுக்காக இல்லடா," என்றாள் அவள். "நீ கயிறை இழு."